வீட்டில் விட மாட்டார்கள்

இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, என் மனைவிக்கு அடங்கிப் போய்விடுவது என்று நான் வீரமாக முடிவெடுத்தேன்.

சிரிக்காதீர்கள். அடக்குகிற மனைவிக்கு அடங்குவதில் என்ன கஷ்டம்? எந்தப் புருஷனும் செய்வான். அடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவளுக்கு அடங்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என் அவஸ்தை.

பலெர்மோவில் எங்கள் பேட்டைக்குப் பாதுகாவலர் புனித ரோக்கு. ஆகஸ்டு நடுவில் அவருக்குத் திருநாள். தொடையில் புண்ணும், காலடியில் ரொட்டியைக் கவ்விய நாயுமாக நிற்கிற அந்த மனிதரை, நாயையும் சேர்த்து, சப்பரத்தில் ஏற்றிச் சந்து சந்தாகத் தூக்கிக்கொண்டு போவோம். இடது பக்கத் தண்டில் இரண்டாவது தோள் என்னுடையது. எனக்கு முந்தி அது அப்பாவுடையது. அறுபதைத் தாண்டிய பிறகும் அந்த இடத்தை நான் விட்டுக் கொடுக்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில் என் கடையில் ஓர் ஆலிவ் பீப்பாயை நகர்த்தினேன். பீப்பாய் நகரவில்லை. என் முதுகில்தான் ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து செருப்பு மாட்டுவதற்கே எனக்குப் புனிதரின் உதவி வேண்டியிருக்கிறது. இதில் அவரை நான் எங்கே தூக்குவது?

முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். சப்பரம் தூக்குகிற எங்கள் சபைக்கூடத்துச் சுவரில் ஆளுக்கொரு ஆணி உண்டு. அதில் அவரவர் பேர் பின்னிய சிவப்புத் துண்டு தொங்கும். தூக்குகிறவன் அந்தத் துண்டைத் தானாக எடுத்து மடித்து வைத்துவிட்டால் அவன் கதை முடிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு விதவைகளோடு பின்னால் வர வேண்டும். கசாப்புக் கடையில் எலும்பு வாங்கப் போனால், 'உங்க முதுகுக்கு வைக்கவா, சூப்புக்கா?' என்று கேட்பார்கள்.

மானத்தோடு வெளியே வர ஒரே ஒரு வழிதான். பெண்டாட்டி வர வேண்டும். எல்லார் முன்னாலும் அந்தத் துண்டை ஆணியிலிருந்து உருவிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். தலையைக் குனிந்துகொள்வார்கள். 'மனுஷன் உயிர் இருக்கிற வரைக்கும் தூக்கியிருப்பான், பாவம், வீட்டுல விடலை' என்பார்கள். எங்களோடு தூக்கிக்கொண்டிருந்த பால்தசாரே அப்படித்தான் போனார். அவர் மனைவி துடைப்பத்தோடு வந்தாள். இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் எங்கள் ஆட்கள் தொப்பியைத் தொடுவார்கள்.

என் விஷயத்தில் இது இன்னும் சுலபம் என்று நம்பினேன். என் மனைவி நின்ஃபா எப்பேர்ப்பட்டவள் என்பது பேட்டைக்கே தெரியும். எல்லாம் நான் சொல்லித்தான். சீட்டாடக் கூப்பிட்டால், "நின்ஃபா விட மாட்டா." மீன் பிடிக்கப் படகில் கூப்பிட்டால், "ஐயையோ, நின்ஃபா!" என்று விரலால் என் கழுத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டுவேன். ஆட்கள் பரிதாபப்பட்டு எனக்கு ஒரு காபி வாங்கித் தருவார்கள். இப்படிப்பட்ட பெண்டாட்டி ஒரு துண்டை உருவ மாட்டாளா?

முதலில் முனகிப் பார்த்தேன்.

"அம்மா... ஆ... முதுகு..."

"ஏங்க, என்ன சத்தம்?"

"ஒன்னுமில்லை. உயிர் போகுது, அவ்வளவுதான்."

"திருநாள் வருதுல்ல. புனிதர் உங்களைத் தயார் பண்றாரு."

"போன வருஷம் இப்படி இல்லையே நின்ஃபா."

"போன வருஷம் நீங்க ஒரு வயசு சின்னவரு."

"கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு."

"புனிதரு உங்களுக்குக் கனமாப் போயிட்டாரா? முதல்ல சிலுவை போடுங்க."

போட்டேன். நெற்றி வரைக்கும் கை போனது. தோளுக்குத் திரும்பும்போது முதுகு சுளீர் என்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் கத்தரிக்காய் நறுக்கினாள்.

முனகல் எடுபடவில்லை. அடுத்து எதிர்வீட்டு அசுந்தாவைப் பிடித்தேன். அவள் பால்கனியும் எங்கள் பால்கனியும் உப்பு கை மாற்றுகிற தூரம்தான். ஒரு பெரிய ஜாடி ஆலிவைக் கொடுத்து, "நின்ஃபா காதுல ஒரு வார்த்தை போட்டு வை" என்றேன். மறுநாள் ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நின்ஃபாக்கா, உங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்தீங்களா? வெளுத்துப் போயிருக்கே."

"சுண்ணாம்பு. கடைக்கு வெள்ளையடிச்சாரு."

"நடக்கறப்ப ஒரு பக்கமா சாயறாரு."

"நம்ம தெருவே சாய்ஞ்சுதான் கிடக்கு."

"இல்லக்கா, இந்த வருஷம் சப்பரம் தூக்க வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை..."

"அசுந்தா, அந்த ஆலிவ்ல உப்பு சரியா இருந்துச்சா?"

எதிர்ப் பால்கனியில் நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தூக்கல்தான்," என்றாள் அந்தத் துரோகி.

மூன்றாவதாக மரண பயத்தைக் கிளப்புவது என்று தீர்மானித்தேன். மத்தியானச் சாப்பாட்டில், மத்தி மீனைக் கிளறிக்கொண்டே ஆரம்பித்தேன்.

"துறைமுகத்துப் பக்கத்துப் பேட்டையில ஒருத்தன் தண்டுக்குக் கீழேயே விழுந்து செத்தானாம்."

"புனிதருக்குக் கீழேயா?"

"சரியா கீழே. என் வயசுதான். முதுகு சரியில்லாதவனாம். பெண்டாட்டி தடுத்திருந்தா பொழைச்சிருப்பான்னு பேசிக்கறாங்க."

"கொடுத்து வச்ச மனுஷன். நேரே மோட்சம்தான்." அவள் ஒரு துண்டு ரொட்டியால் தட்டை வழித்தாள். "நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க. உங்க கறுப்புக் கோட்டை வெயில்ல போடணும். ஒரே பூச்சி உருண்டை வாசம்."

நான் மீன் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஊர் வழக்கப்படி பால்கனியில் தொங்கவிட எங்கள் கல்யாணப் படுக்கை விரிப்பை வெளியே எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நின்ஃபாவே பூ வேலை செய்தது. ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். அதைக் கம்பிக்கு மேல் போட நான் பட்ட பாட்டை ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"எனக்கென்ன தெரியும்? முனகுறீங்க. அசுந்தாவைத் தூது விடறீங்க. முன்னப்பின்ன தெரியாதவனைச் சாகடிக்கிறீங்க. நேரா ஒரு வார்த்தை மட்டும் வாயிலேர்ந்து வர மாட்டேங்குது."

"சொல்ல வேண்டியது நான் இல்லை, நீ."

"நான் என்ன சொல்லணும்?"

"வேணாம்னு சொல்லேன். எல்லாப் பெண்டாட்டியும் சொல்றதுதானே? நாளைக்கு வா. துண்டை உருவு. ரெண்டு திட்டு திட்டு. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடு."

அவள் பல்லில் கடித்திருந்த ஊக்கை எடுத்தாள். விரிப்பில் குத்தினாள். அடுத்த ஊக்கையும் குத்தினாள். கோபம் வந்தால் நின்ஃபா கத்துவாள், அது எனக்குப் பழகினதுதான். அன்றைக்கு அவள் கத்தவில்லை.

"போன வாரம் மீன் கடையில நின்னேன். கடைக்கார சவேரியோ பெண்டாட்டி என் பின்னால நின்னு யாருகிட்டயோ குசுகுசுன்னு சொல்றா. 'இவதான்டி அவ. புருஷனை அவரோட சொந்த அக்கா மகன் கல்யாணத்துக்குக்கூட விடலையாம்.' எனக்குக் காது நல்லா கேக்கும்ங்க. அந்தக் கல்யாணத்துக்குன்னு நான் நீலத்துல ஒரு கவுன் தைச்சு வச்சிருந்தேன். இன்னும் அலமாரியில தொங்குது. வயித்து வலின்னு படுத்தது யாரு?"

"வலி இருந்துச்சு..."

"சாயங்காலம் அரை முலாம்பழம் தின்னீங்க."

நான் தெருவைப் பார்த்தேன். கீழே வண்ண விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பேட்டையில நான் சொல்லாத வேணாம், நான் சொல்லாத கூடாது எல்லாம் என் பேர்ல நடமாடுது. நான் தெருவுல வந்தா பிள்ளைங்க பந்தை முதுகுக்குப் பின்னால ஒளிக்குது. ஏன்டா ஒளிக்கிறீங்கன்னு கேட்டா ஓடிப் போகுது. நான் எவன் பந்தைப் புடுங்கினேன்?"

"அது... சும்மா பேச்சுக்குச் சொல்றதுதானே நின்ஃபா."

"பேச்சுக்குத்தான். உங்க பேச்சுக்கு என் வாய்."

எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் தான் எதுவுமே செய்யாமல் ஒரு ஊர் முழுக்கப் பொல்லாதவள் என்று பேர் வாங்கி, அந்தப் பேரோடு தினமும் காய் வாங்கப் போய் வந்திருக்கிறாள். ஆனால் மனித மனசு இருக்கிறதே, அது இரக்கப்பட்டுக்கொண்டே தன் காரியத்தையும் பார்க்கும்.

"அப்ப நாளைக்கு வருவியா, மாட்டியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"வரேன்," என்றாள்.

அன்று ராத்திரி நான் குழந்தை மாதிரி தூங்கினேன்.

மறுநாள் சபைக்கூடம் கொதித்தது. உருகிய மெழுகு, வியர்வை, லில்லிப் பூ எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். எங்கள் தலைவர் கோசிமோ மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்ததும் அவரவர் துண்டை எடுத்துத் தோளில் போட வேண்டும். பிறகு தண்டுக்குக் கீழே போக வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் யாரும் உள்ளே வருவதில்லை. அந்த ஒரே ஒரு காரியத்துக்காக வந்தால்தான் உண்டு.

நின்ஃபா வந்தாள்.

ஆட்கள் விலகி வழி விட்டார்கள். எனக்குப் பக்கத்துத் தோள்காரன், மீன் கடை சவேரியோ, மலை மாதிரி ஆள், என் கையை இறுக்கிப் பிடித்து, "தைரியமா இருடா கஸ்பாரே" என்றான். நான் முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் பாண்டு வாத்தியம் முழங்கியது.

அவள் நேரே சுவருக்குப் போனாள். என் ஆணியைத் தேடினாள். துண்டை எடுத்தாள். அத்தனை ஆண்களும் தலையைக் குனிந்தார்கள். கோசிமோ தொப்பியைக் கழற்றினார்.

நின்ஃபா துண்டை உதறினாள். மடித்தாள். என்னிடம் வந்து, அதை என் தோளில் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள்.

"நல்லா தூக்குங்க," என்றாள்.

கோசிமோ கழற்றின தொப்பியைக் கையில் திருகினார். "நின்ஃபா... எடுத்துட்டுப் போகத்தானே வந்தே?"

"நான் எதுக்குண்ணே எடுக்கணும்? அவருக்கு முடியும்னா தூக்கட்டும். முடியலைன்னா அவருக்கே வாய் இருக்கு. இன்னைக்கு வரைக்கும் நான் இவரை எதையாவது செய்ய விடாம தடுத்திருக்கேனா? இதோ நிக்கிறாரே, கேளுங்க. புனிதர் முன்னால வச்சுக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், தடுத்திருக்கிறாள் என்று சொல்லலாம். முப்பது வருஷமாகச் சொன்னதுதானே, இன்னொரு தடவை சொன்னால் நாக்கு அழுகிவிடாது. சொல்லிவிட்டால் அவள் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். நான் தண்டுக்குக் கீழே போவேன். இல்லை என்று சொன்னால் இந்த ஆட்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? அப்போதுதான் கவனித்தேன். அவள் அந்த நீலக் கவுனைப் போட்டிருந்தாள். இடுப்பில் பிரித்துத் தைத்த தையல் தெரிந்தது. தலையை நிமிர்த்தித்தான் நின்றாள், ஆனால் கீழுதடு நடுங்கியது. அவளுக்கு என் பதில் தெரியாது. என்ன வரும் என்று பயந்துகொண்டுதான் நின்றாள்.

"இல்லை," என்றேன்.

"சத்தமா சொல்லு," என்றார் கோசிமோ.

"இல்லை! ஒரு நாளும் தடுத்ததில்லை!"

சவேரியோ என் கையை விட்டான். "டேய், அப்ப நான் படகுல கூப்பிட்டப்பல்லாம்?"

"எனக்குக் கடல்னா பயம்டா."

"சீட்டாட்டம்?"

"நீங்க கள்ளாட்டம் ஆடறீங்க."

"என் மச்சான் பாட்டுக் கச்சேரி?"

"உன் மச்சான் பாடிக் கேட்டிருக்கியா நீ?"

அவன் யோசித்தான். "அது நியாயம்தான்," என்றான். "உங்க அக்கா மகன் கல்யாணம்?"

"அந்தச் சம்பந்தி வீட்டு ஆளுங்களைக் கண்டாலே ஆகாது." எனக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு சொன்ன பிறகு மிச்சத்தை மட்டும் எதற்கு வைத்துக்கொள்வது? "முதுகும் போச்சு. தவக்காலத்துலேயே போச்சு. என்னால தூக்க முடியலை."

கூரை இடிந்து விழவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. வலது பக்கத் தண்டில் யாரோ ஒருவர் மட்டும், "எனக்கு முட்டி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேறு யாரோ பேசினது மாதிரி பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் ஒனோஃப்ரியோ ஓடி வந்தான். என் இடத்துக்காகப் பல காலமாகக் காத்திருந்தவன். என்னை எங்கே பார்த்தாலும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆசை ஆசையாக விசாரிப்பான். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, நான் மனசு மாறுவதற்குள் தண்டுக்குக் கீழே பாய்ந்தான். மணி அடித்தது. புனிதர் மேலே எழுந்தார். நான் இல்லாமலே எழுந்தார். அது கொஞ்சம் வலித்தது.

மெழுகுவர்த்தியோடு பின்னால் நடந்தேன். விதவைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். நின்ஃபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் அந்த மனிதரைச் சுமந்தேன். தெருவில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தண்டுக்குக் கீழே தெரிவதெல்லாம் முன்னால் இருக்கிறவன் பிடரிதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்து முழுக்கப் படுக்கை விரிப்புகள். மேலேயிருந்து பூவிதழ்கள் கொட்டுகின்றன. நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் சப்பரம் நிற்கிறது. ஜன்னலில் யாரோ ஒரு கிழவரைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆட்கள் சப்பரத்தைத் தொட்டில் மாதிரி ஆட்டுகிறார்கள். புனிதரின் முகத்தில் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழுகின்றன. என் தோள் மேல் இவ்வளவும் நடந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"முனை திரும்பறப்ப பாருங்க," என்றாள் நின்ஃபா. "சிரிக்கிற மாதிரி இருக்கும்."

திரும்பினார். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"வருஷா வருஷம் இதைப் பார்ப்பியா?"

"பார்ப்பேன். பக்கத்துல சொல்லத்தான் ஆள் இல்லை."

அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெழுகு கையில் சொட்டியதற்குக்கூட நான் கத்தவில்லை.

நாங்கள் சப்பரத்தின் பின்னால் பேட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் சபைக்கூடத்தில் நடந்தது பேட்டை முழுக்கச் சுற்றி முடித்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நின்ஃபாவைக் கட்டிக்கொண்டார்கள். சவேரியோ பெண்டாட்டி தன் நாற்காலியையே கொடுத்து உட்கார வைத்தாள். சதுக்கத்தில் நீளமாக மேசை போட்டு, சூடான கடலைமாவு வடையும் குளிர்ந்த தர்பூசணிப் பாகும் பரிமாறினார்கள். என் மனைவி நீலக் கவுனில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது பங்குச் சாமியார் லிபோரியோவும் கோசிமோவும் அவளிடம் வந்தார்கள்.

"நின்ஃபா, இவ்வளவு நாள் உன்னைக் கேக்கவே பயந்துக்கிட்டிருந்தோம்மா," என்றார் சாமியார். "இப்பத்தான் தெரியுது நீ எவ்வளவு தங்கமானவன்னு. சபைத் துண்டு எல்லாம் கிழிஞ்சு போச்சு. அத்தனையும் புதுசா தைச்சு, பேர் பின்னணும். தோளுக்கு வைக்கிற மெத்தையும் தைக்கணும். புனிதருக்கு ஒரு அங்கி, பலிபீடத்துக்கு விரிப்பு. உன் கை வேலை யாருக்கு வரும்? வருஷா வருஷம் நீயே பொறுப்பா இருந்து..."

நின்ஃபா முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. படகில் கூப்பிடும்போது என் முகம் எப்படி மாறுமோ அப்படி. நான் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன். நேர்மையான ஒரு மனுஷி, முடியாது என்பதை எப்படி நேருக்கு நேர் சொல்கிறாள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை.

அவள் தலையைக் குனிந்தாள். பெருமூச்சு விட்டாள். ஓரக்கண்ணால் பயந்து பயந்து என்னைப் பார்த்தாள். பிறகு, மேசை முழுவதும் கேட்கிற மாதிரி மெல்லிய குரலில் சொன்னாள்.

"எனக்கு உசிரு சாமி இந்த வேலைன்னா. என்ன பண்றது, எங்க வீட்டுக்காரர் விட மாட்டாரே."

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சவேரியோ பெண்டாட்டி மட்டும் என் மனைவியின் தலையைத் தடவி, "பாவம்டி, இந்த மனுஷனோட நீ எப்படித்தான் குப்பை கொட்டறியோ!" என்றாள்.